நான் முறிக்காமல் விட்ட பத்தியம்

தோல் மருத்துவனாக இருந்த காலம் முழுவதும் நான் யாருக்கும் பத்தியத்தை எழுதிக் கொடுத்ததில்லை. வாயால்தான் சொன்னேன். இது வேண்டாம், அது வேண்டாம், நான் சொல்கிற வரைக்கும் வேண்டாம். எழுதியிருந்தால் வேறு யாராவது அதைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கக்கூடும்.

ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. கள்ளக்குறிச்சிக்கு வெளியே உள்ள, நான் அதிக காலம் வேலை பார்த்த அறக்கட்டளை மருத்துவமனையின் இளைய டாக்டர்கள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். கரப்பான் வியாதி உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு கூட்டம் நடத்தப் போகிறார்களாம். குளியல், உடை, சாப்பாடு, வீட்டுப் பழக்கம் எல்லாவற்றையும் பற்றி நான் பேச வேண்டுமாம். "இப்பல்லாம் செல்போன்ல பாத்துட்டு வராங்க சார். பால நிறுத்திட்டேன், கோதுமைய நிறுத்திட்டேன்னு அவங்களே சொல்றாங்க. நீங்க அனுபவஸ்தர், சொன்னா கேப்பாங்க" என்றார்கள். முடியாது என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். காரணம் கேட்டார்கள். நேரில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

எக்சிமா என்று நாங்கள் புத்தகத்தில் படித்ததை எங்கள் பக்கத்தில் கரப்பான் என்பார்கள். அது குடும்பத்தில் ஓடுகிற வியாதி. அப்பாவுக்கு முழங்கை மடிப்பில் இருந்தால் பிள்ளைக்குக் கன்னத்தில் வரும். தோல் வறண்டு, சிவந்து, நீர் கசியும். அரிப்பு பிள்ளையைத் தூங்க விடாது. பிள்ளை தூங்காத வீட்டில் மற்றவர்களும் தூங்க முடியாது. அப்படிப் பல இரவுகள் கழிந்த பிறகு எங்களிடம் வருகிற பெற்றோர், நாங்கள் எதைச் சொன்னாலும் செய்வார்கள். இதை நான் பெருமையாக நினைத்திருந்தேன். அது எவ்வளவு ஆபத்தான நிலை என்று யோசிக்கவில்லை.

என் அப்பா திருநாவலூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். கத்தோலிக்கக் குடும்பம். சென்னையில் படித்தேன். தோல் மருத்துவம் நான் கேட்ட இடம் அல்ல, கிடைத்த இடம். படிப்பைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை. வேலையைக் கற்றது அறக்கட்டளை மருத்துவமனையில், டாக்டர் கனகாம்புஜத்திடம்.

அவர் எங்கள் துறைத் தலைவர். குள்ளமானவர், சத்தமாகப் பேச மாட்டார், கிண்டல் மட்டும் கூர்மையாக வரும். அவருடைய அறையில் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும் குவளையும் மணையும் எப்போதும் இருக்கும். கரப்பானோடு பிள்ளையைக் கொண்டுவருகிற தாயிடம் அவர் முதலில் சொல்வது, "குளிப்பாட்டிக் காட்டு" என்பதுதான்.

தாய்மார்கள் கூச்சப்படுவார்கள். "இங்கியா மேடம்?" என்பார்கள். "ஏன், எங்க ஆஸ்பத்திரி தண்ணி உன் புள்ளைக்கு ஆவாதா?" என்பார். பிறகு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். தண்ணீர் எவ்வளவு சூடு என்று தன் முழங்கையை விட்டுப் பார்ப்பார். துணி சோப்பா, குளிக்கிற சோப்பா, கடலைமாவா, பீர்க்கங்கூடா, எதைப் போட்டுத் தேய்க்கிறாள் என்று பார்ப்பார். துண்டை எடுத்து அந்தத் தாய் பிள்ளையின் முதுகை அழுத்தித் துடைக்கும்போதுதான் கையைப் பிடிப்பார். "பாத்திரமா கழுவற? தேய்க்காத. ஒத்தி எடு." தோலில் ஈரம் இருக்கும்போதே தேங்காயெண்ணெயையோ மருத்துவமனைக் களிம்பையோ மேலிருந்து கீழாக, முடி படுத்திருக்கிற திசையில், விரல் வழுக்குகிற அளவுக்குத் தடவச் சொல்வார். "ஈரம் உள்ள இருக்கும்போதே கதவ சாத்திடணும். அவ்ளோதான் வைத்தியம்."

அதன் பிறகு நகம். அதன் பிறகு உடை. கல்வராயன் மலையிலிருந்து வருகிறவர்கள் பிள்ளைக்கு நேராகக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார்கள். அடியில் பழைய வேட்டித் துணியில் ஒரு சட்டை தைத்துப் போடச் சொல்வார். அப்பாவைக் கூப்பிட்டு, சோளக் கதிர் அடித்தபோது போட்டிருந்த சட்டையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது என்பார். கடைசியாக, எந்தப் பிள்ளையாக இருந்தாலும், கட்டைவிரலை அதன் கணுக்காலுக்கு மேலே வைத்து அழுத்தி, எடுத்துப் பார்ப்பார். குழி விழுகிறதா என்று. "தோல மட்டும் பாக்கறதுக்கு டாக்டர் எதுக்கு? அத அவங்க அம்மாவே பாத்துட்டுத்தான வரா" என்பார்.

சாப்பாட்டைப் பற்றி அவர் பேசவே மாட்டார். தாய்மார்கள் கேட்பார்கள். கத்தரிக்காய், கருவாடு, கடலை, முட்டை எல்லாம் கரப்பானைக் கிளப்புகிற பண்டம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். "மேடம், பத்தியம் எதனா?" "வூட்ல எல்லாரும் இன்னா துன்றாங்களோ அத துன்னட்டும்." ஏதாவது ஓர் உணவின் மேல் உண்மையாகவே சந்தேகம் வந்தால், அந்த ஒன்றை மட்டும், கொஞ்ச நாளைக்கு மட்டும் நிறுத்துவார். பிறகு பிள்ளையை வரச் சொல்லி, அதே உணவைத் தன் கண் முன்னால் கொடுத்து, காலை முழுவதும் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துப் பார்ப்பார். ஒன்றும் ஆகவில்லையென்றால், "இனிமே இத நிறுத்தினா உன்னத்தான் அட்மிட் பண்ணுவேன்" என்று சொல்லி அனுப்புவார். எங்களிடம், "எடுத்தத திருப்பிக் குடுக்காம ஒரு புள்ளையையும் வெளிய அனுப்பாதீங்க டாக்டரே" என்பார்.

நான் அவரைப் பழைய காலத்து ஆள் என்று நினைத்தேன். அவர் ஓய்வு பெற்றுச் சின்னசேலத்துக்குப் போனதும் பக்கெட்டை அறையிலிருந்து எடுத்துவிட்டேன். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

நான் தலைவரான புதிதில் சின்னசேலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி குடும்பத்தோடு வந்தார். அவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் கரப்பான். குளியல், எண்ணெய், நகம் எல்லாம் கற்றுக்கொடுத்தேன். கூடவே முட்டை, கருவாடு, கடலை, கத்தரிக்காய் நான்கையும் வீட்டிலேயே சமைக்கக் கூடாது என்றேன். அடுத்த முறை வந்தபோது மூன்று பேருக்கும் தோல் தெளிந்திருந்தது. இன்று தெரிகிறது, குணமாக்கியது எண்ணெய். பெயர் வாங்கியது பத்தியம். அந்த மனிதர் பஸ்ஸில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்: "டாக்டரு நல்லாத்தான் பாக்குறாரு. ஆனா சோத்துலயே கைய வெச்சிட்டாரு. கருவாட்டுக் கொழம்பு இல்லாத வூடு ஒரு வூடாங்க? கரப்பான் போச்சு, கூடவே என் உசுரும் போவுது." இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. பத்தியம் இல்லாத மருந்தை எங்கள் மக்கள் மருந்தாகவே மதிப்பதில்லை. உளுந்தூர்பேட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "சார், வெளிய உங்கள பத்திய டாக்டருன்றாங்க" என்று நர்ஸ் சொன்னபோது நான் சிரித்தேன். எனக்குப் பிடித்திருந்தது.

பத்தியத்துக்கு ஒரு முறை உண்டு. போட்டவர்தான் அதை முறிக்க வேண்டும். நாட்டு வைத்தியர் பத்தியம் வைத்தால், முறிக்கிற நாளையும் அவரே சொல்வார். அன்றைக்கு என்ன சமைத்துச் சாப்பிட்டு முறிக்க வேண்டும் என்றும் சொல்வார். வேறு யார் சொன்னாலும் செல்லாது. இது தெரியாதவன் அல்ல நான். எங்கள் வீட்டில் தவக்காலத்தில் கறி, மீன் எதுவும் சமைக்க மாட்டார்கள். ஆனால் ஈஸ்டர் என்று ஒரு நாள் இருக்கிறது, அன்றைக்கு முடிந்துவிடும் என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். முடிகிற நாள் இல்லாத ஒன்றை நான் போட்டுக்கொண்டிருந்தேன்.

சடையனும் பூங்காவனமும் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரிலிருந்து வந்தார்கள். கொஞ்சம் நிலம், சாமை, மக்காச்சோளம், மரவள்ளி. மகள் செல்விக்கு ஏழெட்டு வயது இருக்கும். மகன் சரவணன் தாய்ப்பால் மறந்து சில மாதம் ஆகியிருந்தது. சடையனுக்குக் கழுத்திலும் கையிலும், செல்விக்கு முழங்கால் மடிப்பில், பையனுக்கு முகமெல்லாம். மூன்று பேருக்கும் ஒரே தோல்.

"எங்க வூட்ல எல்லாருக்கும் இருக்குதுங்க. இவனுக்குத்தான் ஜாஸ்தி. சொறிஞ்சிக்கினே கெடக்கான், ரத்தம் வந்துடுது" என்றார் பூங்காவனம். பையன் அம்மாவின் தோளில் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். கொழுகொழுவென்றுதான் இருந்தான்.

"முட்டை குடுக்கிறீங்களா?"

"கோழி வெச்சிருக்கோங்க. தெனம் ஒண்ணு குடுப்பேன்."

"நிறுத்திடுங்க. பால்?"

"ஆட்டுப்பாலு, கொஞ்சம்."

"அதையும் நிறுத்திடுங்க. கடலை, பருப்பு, கருவாடு, கறி, கத்தரிக்காய் எதுவும் வேணாம்."

சடையன் பயந்துவிட்டார். "அப்ப இன்னாதான் சார் குடுக்கிறது?"

"அரிசிக் கஞ்சி குடுங்க. மரவள்ளிக் கெழங்க அவிச்சிக் குடுங்க. அது ஒண்ணும் பண்ணாது."

"எத்தினி நாளைக்குங்க?"

"நான் சொல்ற வரைக்கும்."

அடுத்த முறை வந்தபோது பையனின் கன்னம் சுத்தமாக இருந்தது. பூங்காவனத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இவன் மட்டும் பத்தியம் இருந்தா எங்களப் பாத்து ஏங்கிப் போவான்னு, எல்லாருமே நிறுத்திட்டோங்க. கோழியெல்லாம் வித்துட்டோம். அங்கன்வாடியில சத்துமாவு குடுத்தாங்க, டாக்டர கேக்காம எதுவும் வேணாம்னு சொல்லிட்டேன்." குடும்பமே ஒத்துழைத்தால் இப்படித்தான் குணமாகும் என்று அன்று நான் நர்ஸ்களுக்கு அவர்களைக் காட்டிச் சொன்னேன். அன்றைக்கே பத்தியத்தை முறித்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றேன்.

அதற்குள் அறக்கட்டளை உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கிளை திறந்தது. அதற்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். நான் பத்தியம் போட்டவர்கள் யார் யார் என்று ஒரு முறை நினைத்துப் பார்த்துவிட்டுக்கூடப் போகவில்லை. சடையனும் பூங்காவனமும் கள்ளக்குறிச்சிக்கு வந்து, எனக்குப் பின் வந்த டாக்டரைப் பார்த்திருக்கிறார்கள். அவர், எல்லாம் கொடுங்கள் என்று சரியாகவே சொல்லியிருக்கிறார். அவர்கள் அதை ஏற்கவில்லை. போட்டவரைத் தேடிக்கொண்டு, பையனைத் தூக்கிக்கொண்டு, பஸ் மாறி பஸ் மாறி உளுந்தூர்பேட்டைக்கு வந்தார்கள்.

அன்று கூட்டம் அதிகம். மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பூங்காவனத்தின் மடியில் பையன். அவன் முகம் உப்பியிருந்தது. கண் இடுங்கியிருந்தது. அழவில்லை, சிணுங்கவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. காலில் தோல் உரிந்து, பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி இருந்தது.

"மொகம் நல்லா தேறியிருக்கே" என்றேன்.

"ஆனா முன்ன மாதிரி ஓடல சார். எறக்கி வுட்டா குந்திக்கினே கெடக்கான். காலுல வேற தோலு உரியுது."

"கரப்பான் இன்னும் உள்ள இருக்கு. வேற எதாவது குடுக்கிறீங்களா?"

"இல்லீங்க. நீங்க சொன்னத தவிர ஒரு பருக்க குடுக்கல" என்றார் சடையன். "கள்ளக்குறிச்சி டாக்டரு எல்லாத்தையும் குடுக்கச் சொன்னாரு. அவரு நேத்து வந்தவருங்க. பத்தியம் போட்டவரு நீங்கதான, நீங்க சொல்லுங்க."

"இன்னும் கறாரா இருங்க. விட்டுடாதீங்க" என்றேன்.

மருத்துவம் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். புரதம் இல்லாமல் மாவுச்சத்தை மட்டும் தின்று வளர்கிற பிள்ளைக்கு முகமும் காலும் நீர் கோத்து வீங்கும். பார்க்கிறவர்களுக்குச் சதை போட்ட மாதிரி தெரியும். தோல் உரியும், அது கரப்பான் மாதிரி இருக்கும். கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். முதல் வருட மாணவனுக்கும் தெரிந்த விஷயம். நான் கையை நீட்டவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினேன்.

சில வாரங்கள் கழித்து, எனக்குப் பின் கள்ளக்குறிச்சிக்கு வந்த அந்த டாக்டர் போன் செய்தார். "சார், உங்க பத்தியக் கேஸ் ஒண்ணு அட்மிட் ஆயிருக்கு. வந்து பாத்துட்டீங்கன்னா நல்லது" என்றார். அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. சீனியர் என்ற மரியாதை மட்டும்தான் இருந்தது.

வார்டில் சரவணனுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வேகமாக இருந்தது. தலைமுடி செம்பட்டையாகி, தொட்டால் கையோடு வந்தது. நான் அப்போதுதான் அவன் காலை அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி இருந்தது. டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூங்காவனம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "சார், எங்க மேலதான் தப்பு."

"என்னம்மா?"

"இதோ நிக்கிறா பாருங்க, இவதான். பள்ளிக்கூடத்துல மத்தியானச் சோத்துக்கு முட்டை போடுவாங்க இல்ல? அத அங்க துன்னாம கையில மறைச்சி எடுத்தாந்து, நான் காட்டுக்குப் போன நேரத்துல இவன் வாயில வெச்சிட்டா. பாதி முட்டைய துன்னுட்டான். அப்பறந்தான் சார் இப்படி ஆயிடுச்சி."

செல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பசிக்குதுன்னு அழுதாம்மா" என்றாள்.

பூங்காவனம் அவள் முதுகில் அறைந்தார். மறுபடியும் கை ஓங்கியபோது நான் நடுவில் போய்த் தடுத்தேன். அப்போது நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன். "விடுங்கம்மா. சின்னப் பொண்ணு. தெரியாம செஞ்சிட்டா. அடிக்காதீங்க."

கேட்டவர்களுக்கு அன்பாகத்தான் இருந்திருக்கும். தெரியாமல் செய்துவிட்டாள் என்றால், செய்தது அவள் என்று அர்த்தம். கடைசி மாதங்களில் அவனுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான உணவு அந்தப் பாதி முட்டை. அதை நான் சொல்லவில்லை. பக்கத்தில் டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தார், நான் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சரவணன் இறந்துபோனான். நிமோனியா என்று பதிவானது. பொய் இல்லை. நாலு பேராக வந்தவர்கள் மூன்று பேராக மலைக்குத் திரும்பிப் போனார்கள். அதில் சிறியவள் தலையில் நான் செய்ததை ஏற்றி அனுப்பினேன்.

பிறகு ஒரு நாள் சின்னசேலத்துக்குப் போய் டாக்டர் கனகாம்புஜத்தைப் பார்த்தேன். பையனைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கால அமுத்திப் பாத்தியா?" என்றார். அவர் என்னை ஒருமையில் கூப்பிட்டது அன்றுதான்.

"உளுந்தூர்பேட்டையில பாக்கல மேடம்."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் வீட்டு வேலைக்கார அம்மா வந்து, "அம்மா படுத்துட்டாங்க" என்றார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. செல்வியைப் பற்றி அவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

அன்றிலிருந்து நான் யாருக்கும் பத்தியம் போடவில்லை. மறுபடி கள்ளக்குறிச்சிக்கு மாற்றலாகி வந்ததும் பக்கெட்டைத் திரும்ப வாங்கி வைத்தேன். கால்களை அழுத்திப் பார்த்தேன். ஏன் மாறினேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. நிதானமான டாக்டர் என்று பெயர் வந்தது. ஓய்வு பெற்ற நாளில் மேடையில் ஒருவர், சார் ஒரு பிள்ளையைக்கூடத் தொடாமல் பார்த்ததில்லை என்று பேசினார். கைதட்டினார்கள். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பாதர் பொறுமையாகக் கேட்டார், கடவுள் மன்னிப்பார் என்றார். நானும் ஜெபம் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஆனால் நான் சொல்ல வேண்டிய இடம் அதுவல்ல. சொல்ல வேண்டிய இடத்துக்குப் போக ஒரு பஸ் ஏறினால் போதும். நான் ஏறவில்லை.

போன வருடம் டாக்டர் கௌசல்யா போன் செய்தார். என் மருத்துவமனையில் இப்போது இருக்கிற இளம் டாக்டர். "சார், வெள்ளிமலைக்கு மேல இருந்து ஒரு பொண்ணு வருது. கொழந்தைக்குக் கரப்பான். ஒரு வயசு ஆகப் போவுது, தாய்ப்பாலும் வெறும் கஞ்சியும்தான் குடுக்குது. வெயிட் ஏறவே இல்ல. முட்டை, பருப்பு குடும்மான்னா எந்திரிச்சுப் போயிடுது. எங்க தம்பி முட்டை துன்னுதான் செத்தான், நான்தான் குடுத்தேன்னு சொல்லுது. பழைய கேஸ் எதாவது ஞாபகம் இருக்கா சார்?"

"பேரு செல்வியா?" என்றேன்.

"ஆமா சார். எப்படித் தெரியும்?"

"நான் போய்ப் பேசிப் பாக்கறேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

கச்சிராயபாளையம் வழியாக பஸ் மலையேறியது. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். செல்வி வாசலில் உட்கார்ந்து மடியில் குழந்தைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவள் விரல்களிலும் கரப்பான் வெடிப்பு. குழந்தை பெண். கையும் காலும் மெலிந்திருந்தன. நான் குனிந்து அதன் காலை அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை. இன்னும் நேரம் இருந்தது.

அவளுடைய கணவர் வேலு நாற்காலி கொண்டுவந்து போட்டார். யார் என்று சொன்னேன். சடையன் எப்போதோ இறந்துவிட்டாராம். பூங்காவனம் இரண்டு வருடத்துக்கு முன்.

"செல்வி, ஒம் தம்பி முட்டையால சாகல" என்றேன். "அவன் செத்தது சரியான சாப்பாடு இல்லாம. எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னது நான். மொகம் வீங்கியிருந்தத பாத்து தேறிட்டான்னு சொன்னதும் நான். நீ குடுத்த பாதி முட்டைதான் அவனுக்குக் கெடைச்ச நல்ல சாப்பாடு. அது அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில எங்கம்மா அடிச்சப்ப நடுவுல வந்து தடுத்தது நீங்கதான?"

"ஆமா."

"இத்தினி நாளா உங்கள நல்லவருன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார்."

"வுடு செல்வி" என்றார் வேலு. "வயசானவரு, மலையேறி வந்திருக்காரு."

"வந்தாரு, இல்லேன்னு நான் சொல்லல." பிறகு என் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "எங்கம்மா சாவுற வரைக்கும் என் கையால ஒரு வாய் வாங்கித் துன்னல சார். சோறு நான்தான் ஆக்குவேன். அதுவே போட்டுக்கும். நான் கரண்டிய எடுத்தா பசிக்கலன்னுடும். திட்டாது, ஒண்ணும் சொல்லாது. ஒடம்பு முடியாம படுத்துக் கெடந்தப்பகூட, நான் கஞ்சிய எடுத்துக்கினு போனா வாய தெறக்காது. பக்கத்து வூட்டு அக்காவ கூப்ட்டுதான் ஊட்டச் சொல்லணும். அது இருக்கும்போது வந்து இத சொல்லியிருந்தீங்கன்னா..."

மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அதையும் அவள்தான் எனக்குக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். குழந்தைக்கு என்ன கொடுக்க வேண்டும், எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று வேலுவிடம் சொன்னேன். முட்டையை நன்றாக அவித்து முதலில் துளி, ஒன்றும் ஆகவில்லையென்றால் நாளுக்கு நாள் கொஞ்சம் கூட, சந்தேகம் வந்தால் உடனே டாக்டர் கௌசல்யாவிடம். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். செல்வி உள்ளே போயிருந்தாள். நான் கிளம்பும்போது வெளியே வரவில்லை.

சில மாதம் கழித்து கௌசல்யா மறுபடி போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "சார், அந்த வெள்ளிமலைக் கொழந்த நல்லா ஏறிட்டு வருது. முட்டை, பருப்பு, பால் எல்லாம் சாப்பிடுது. ஒண்ணும் ஆகல. தோலும் நல்லாத்தான் இருக்கு."

"யாரும்மா ஊட்டறது?" என்று கேட்டேன்.

"அவங்க அப்பாதான் சார். அதுதான் எனக்குப் புரியல. அந்தப் பொண்ணு முட்டைய அவிச்சி, உரிச்சி, மசிச்சி, தட்டுல வெச்சிட்டு எழுந்து வெளிய போயிடுதாம். புள்ள சாப்ட்டு முடிச்சி, வாய் கழுவி வுட்டப்பறந்தான் உள்ள வருதாம். ஒரு நாள்கூட அது கையால குடுத்ததில்லையாம். போகட்டும், கொழந்த சாப்பிடுதே, அது போதும். நாங்க இத்தனை பேரு சொல்லியும் கேக்காத பொண்ணு சார். அப்படி என்னதான் சொன்னீங்க அதுகிட்ட?"

"முட்டை நல்லதுன்னு சொன்னேம்மா" என்றேன்.